ஊர் விருந்தாளியும் முப்பது நாளும்

ஊரிலிருந்து அத்தையோ சித்தப்பாவோ வந்து இறங்கினால் வீடே திருவிழாதான். கெடு நெருங்கும்போது யாராவது ஒரு யோசனை சொல்வார்: "பெத்தோங் போய்த் திரும்பினா இன்னும் முப்பது நாள் கிடைச்சிடும்!"

ஈப்போவிலிருந்து கோலகங்சார், கிரிக் தாண்டினால் பெங்காலான் உலு. நம் பெரியவர்களுக்கு அது குரோ. அதற்கப்பால் தாய்லாந்தின் பெத்தோங். வழி சுலபம், திரும்பி வருவதுதான் நிச்சயமில்லை.

இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள் விசா இல்லாமல் வந்து 30 நாள் தங்க, 2023 டிசம்பர் 1 முதல் 2026 டிசம்பர் 31 வரை நம் அரசு அனுமதி தந்தது. அது வந்து பார்த்துப் போக, குடியிருக்க அல்ல. காலையில் போய் மாலையில் திரும்புபவரை அதிகாரி தடுத்து நிறுத்தலாம். அப்போது மொழி தெரியாத பெரியவர் எல்லையில் நிற்பார். அவருடைய துணியும் மருந்தும் உங்கள் வீட்டில் இருக்கும்.

"நாலு நாள் கூட இருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்பது அதைவிட ஆபத்து. 1959/63 குடிநுழைவுச் சட்டப்படி, கெடு தாண்டித் தங்கினால் 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. தெரிந்தே வீட்டில் வைத்திருந்தவருக்கும் தண்டனை உண்டு.

ஆகவே, வந்த அன்றே தேதியைக் கணக்கிட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள். நோய் வந்துவிட்டால், கெடு முடியுமுன் டாக்டர் கடிதத்தோடு குடிநுழைவு அலுவலகம் போய்ச் சிறப்பு அனுமதி கேளுங்கள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நமக்கு முப்பது நாள் கிடைக்கிறதே! சிரித்த முகத்தோடு வழியனுப்புங்கள். அடுத்த முறையும் வரட்டும்.