கோயில் நிலம் யாருடையது?



ஜொகூர் பாருவிலிருந்து பாசிர் கூடாங் போகும் வழியில் பிளந்தோங் என்றோர் ஊர். அங்கே புனித சூசையப்பர் கோயில் இருக்கிறது. நம்மில் கத்தோலிக்கர் சிலரே. ஆயினும் எம்மதத்தாரும் அக்கோயிலைக் குறித்துச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

ரப்பர் வருமுன் இப்பக்கம் மிளகும் காம்பிரும் விளைந்த பூமி. காம்பிர் இலையைக் காய்ச்சித் தோல் பதனிடும் சரக்கு எடுப்பார்கள். 1840-களில் தெமெங்கோங் இப்ராகிம் ஆற்றுக்கு ஆறு சீட்டு எழுதிக் கொடுத்துச் சீனக் குடியானவர்களைக் குடியேற்றினார். சீட்டுப் பெற்ற தலைவனுக்குக் கங்சு என்று பெயர். நம் பழைய கங்காணியைவிடப் பன்மடங்கு அதிகாரம் அவனுக்கு. அபினிக் கடையும் சூதாட்டக் குத்தகையும்கூட அவன் கையில்! அந்த ஏழைக் குடியானவர்களிடையே பிரெஞ்சுப் பாதிரிமார் ஊழியம் செய்து எழுந்த சபைகளில் ஒன்றே பிளந்தோங்.

காம்பிர் போயிற்று. கங்சு முறையை 1917-இல் அரசு ஒழித்தது. ரப்பர் வந்தது, நாமும் வந்தோம். 1977-இல் பாசிர் கூடாங்கில் துறைமுகம் திறந்தார்கள். மரம் நின்ற இடத்தில் ஆலைப் புகைபோக்கி நின்றது. இத்தனைக்கும் பிறகு அந்தச் சபை இன்றும் கூடுகிறது. ஏன்? அது எந்தத் தோட்டத் துரையின் தயவிலும் நிற்கவில்லை.

பேராக்கில் பாகான் செராய்க்குப் போய்ப் பாருங்கள். 1880-களில் பாதிரியார் ஃபே, தமிழ்க் கத்தோலிக்கருக்குக் கோயிலோடு பயிரிட நிலமும் தேடித் தந்து குடியமர்த்தினார். 1896-இல் மலாக்கா ஆயராக உயர்ந்தவர் இவரே. காலடியில் நிலம் இருந்ததால்தான் அந்தக் குடியிருப்பு ஊராயிற்று.

தோட்டத்துக் கோயில்களின் கதை வேறு. நாம் வேலை பார்த்த ஒரு தோட்டம் விலையானபோது சொத்துப் பட்டியல் எழுதும்படி நமக்கு உத்தரவு. பால் கொட்டகை, ஸ்டோர், லயம் என்று எழுதி வந்தோம். மாதா கோயில் வந்தது. அதற்குத் தனிக் கலம் இல்லை. "பழைய கொட்டகை, ஒன்று" என்று நம் கையாலேயே எழுதினோம். மூன்று தலைமுறை ஞானஸ்நானம் பெற்ற இடம் அது! பின்னர் ஒரு மூதாட்டி வந்து, "கிராணியாரே, மணியையாவது எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. பட்டியலில் மணியே இல்லை.

முனியாண்டி கோயிலுக்கும் இதே கதிதான். எல்லாத் துரைகளும் கொடியவர்கள் என்று நாம் சொல்லவில்லை. கோயில் கட்டப் பலகையும் தகரமும் தந்தவர்கள் உண்டு. ஆனால் தகரம் தந்தவர் தரையைத் தரவில்லை. அடுத்து வாங்குகிறவருக்கு வாய்ச்சொல் எந்த வகையில் கட்டு?

தோட்டம் கைமாறுவதற்கு முன்பே கோயில் மனையைப் பிரித்துத் தரும்படி கேட்க வேண்டும். யார் பெயரில் என்று குழம்ப வேண்டாம். கத்தோலிக்க ஆயர்கள் சொத்து வைத்திருக்க 1957-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. மற்றக் கோயில்களுக்குப் பதிவு பெற்ற சங்கம் வேண்டும். திருவிழாவுக்கு வசூல் செய்யும் ஊக்கத்தில் பாதி இதற்குப் போதும்.

தோட்டத்து வரைபடத்தில் கோயில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கிராணிமார் நாளைக் காலையிலேயே பார்க்கலாம். இடுகாட்டையும் சேர்த்துப் பாருங்கள்.