மண்ணுக்கடியில் ஊமை!

1987-இல் இலண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க இரயில் நிலையத்தில் மூண்ட தீ 31 உயிர்களைக் குடித்தது. சுரங்கத்தில் இறங்கும் மீட்புப் படையினரின் கம்பியில்லாக் கருவி மேலே நிற்போருடன் பேசவேண்டும் என்று 1988-இல் ஃபென்னல் அறிக்கை எடுத்துரைத்தது. பேசிற்றா, தோழர்களே?

2005 ஜூலை 7! மூன்று சுரங்க இரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்தன. 52 பேர் மாண்டனர். அடியிலே குருதி வெள்ளம். ஆம்புலன்சு ஊழியரின் கருவியோ அங்கே ஊமை! ஆளோடிச் சேதி சொல்லும் அவலம், கணினி யுகத்துத் தலைநகரிலே! கைத்தொலைபேசியை நம்பினர், ஊரே பேசத் துடித்த நெரிசலில் அதுவும் கைவிட்டது.

மண்ணை ஊடுருவ அலைக்கு வலிவில்லை. சுரங்கம் நெடுகக் கம்பி இழுத்தால் பேசும். பேசியதே, போக்குவரத்துப் போலீசின் கருவி! திருடனைப் பிடிக்க வழி கண்டவர்கள், உயிரைப் பிடித்து நிறுத்த வந்தவனுக்கு வழி காணவில்லை. ஆண்டுகள் 17! 2006-இல் இலண்டன் பேரவைக் குழு இதனைக் கண்டித்தது. அறிக்கையைக் கிடப்பில் போட்டவர்களே, அந்த 17 ஆண்டும் எங்கே உறங்கினீர்கள்?