சென்னையில பார்க்க ஒண்ணுமே இல்லையா? பறக்கும் ரயிலில் ஏறிப் பாருங்க!

சென்னைக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆன ஒருவரிடம் 'ஊர் எப்படி இருக்கு?' என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "மால், பீச், மகாபலிபுரம்... வேற என்னங்க இருக்கு இங்க?" இதில் மகாபலிபுரம் செங்கல்பட்டு மாவட்டம். அதைக் கழித்தால் மிச்சம் ஒரு மாலும் ஒரு பீச்சும்தான்.

வந்தவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. தங்குகிற இடம் அப்படி. ஒரு தலைமுறைக்கு முன் வேலை தேடி வந்தவர்கள் திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு கட்டில் பிடித்தார்கள். ரூம் என்னவோ தீப்பெட்டி சைஸ்தான். ஆனால், தெருவில் இறங்கினால் பார்த்தசாரதி கோயில், 1795-ல் கட்டிய வாலாஜா மசூதி, சேப்பாக்கம் மைதானம், கொஞ்சம் நடந்தால் மெரினா. ஊர் தானாகப் பழகிவிடும். இன்றைக்கு வருபவருக்குப் பெருங்குடியிலோ சோழிங்கநல்லூரிலோ பி.ஜி., அங்கேயே ஆபீஸ். சனிக்கிழமை ஊருக்குள் போய்வர கேப் புக் பண்ணினால் பர்ஸ் காலி. அப்புறம் மாலுக்குப் போகாமல் என்ன செய்வார்?

இணையத்தில் கிடைக்கும் 'டாப் 10' பட்டியல்களும் உதவாது. நாலு திசையில் சிதறிக் கிடக்கும் பத்து இடங்களைக் கொடுத்துவிட்டு, நாளை டிராஃபிக்கில் கழிக்க வைத்துவிடும். பட்டியலை விட ஒரு பாதையைப் பிடிப்பது நல்லது. அந்தப் பாதை, கடற்கரை – வேளச்சேரி பறக்கும் ரயில். 1995-ல் சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 2007-ல் வேளச்சேரியைத் தொட்டது. டைடல் பார்க் பக்கத்திலேயே திருவான்மியூர் ஸ்டேஷன். டிக்கெட்டுக்கு ஒரு டீ காசுகூட ஆகாது.

கோட்டூர்புரத்தில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்து படிக்கவும் இடம் உண்டு. அடுத்த ஸ்டேஷனுக்குப் போகும்போது அடையாற்றை மேலிருந்து பார்க்கலாம் (மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தாலும்).

திருமயிலையில் மட்டும் அவசரம் கூடாது. கபாலீசுவரர் கோயில் மதியம் நடை சாத்திவிடும், அதனால் சாயங்காலம் போவதுதான் சரி. குளத்தைச் சுற்றி மாட வீதிகளில் ஒரு நடை, அங்கிருந்து சாந்தோம் தேவாலயம் வரை இன்னொரு நடை. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே லஸ் சர்ச் இருக்கிறது, பலர் கவனிப்பதே இல்லை. போர்ச்சுகீசியர் 1516-ல் கட்டியதாகச் சொல்லப்படும் தேவாலயம் அது. 'சென்னையின் பிறந்தநாள்' என்று ஆகஸ்ட் 22-ல் கொண்டாடுகிறோமே, அந்தக் கணக்கு 1639-ல்தான் தொடங்குகிறது. ஆங்கிலேயர் வந்துதான் இந்த ஊரே உருவானது என்பவரை ஒருமுறை இங்கே கூட்டிக்கொண்டு வரலாம்.

கடைசி ஸ்டேஷன் கடற்கரை. எதிரே பர்மா பஜார். 1960-களில் பர்மாவிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் திரும்பிய தமிழர்கள் பிழைக்க ஆரம்பித்த இடம். மாலையில் அந்தப் பகுதி தள்ளுவண்டிகளில் அத்தோ கிடைக்கும். நூடுல்ஸை வெங்காயம், புளி எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள். தொட்டுக்க அல்ல, கூடவே குடிக்க வாழைத்தண்டு சூப். சென்னைக்குப் புதிதாக வருபவர் முதலில் சாப்பிட வேண்டியது இதுதான், பிரியாணி அப்புறம்.

எழும்பூர் மியூசியம் இந்தப் பாதையில் இல்லை. ஆனாலும் விடக்கூடாது. 1851-ல் தொடங்கியது. திருவாலங்காடு நடராஜர், திருவெண்காடு அர்த்தநாரி சிலைகள் அங்கேதான். கோயிலில் பட்டுக்கும் மாலைக்கும் உள்ளே மறைந்திருக்கும் சோழர் கால வார்ப்பு வேலையை இங்கே இடுப்பு வளைவு வரை பக்கத்தில் நின்று பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும் லீவு.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பறக்கும் ரயில் ஸ்டேஷன்கள் பல, பெரிதாகக் கட்டி வெறிச்சோடிக் கிடப்பவை. இருட்டிய பிறகு தனியாக வரும் பெண்களிடம் 'ரயிலில் போங்க' என்று மனசார சொல்ல முடியவில்லை. திரும்பும்போது பஸ் பரவாயில்லை, சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஊரைச் சுற்றிப் பார்க்க வாங்க என்று போஸ்டர் ஒட்டுவதற்கு முன், அந்தப் படிக்கட்டுகளில் நாலு விளக்கு போடலாம்.

அவ்வளவு தூரம் போக நேரமே இல்லை என்கிற ஓ.எம்.ஆர். வாசிக்கு வீட்டு வாசலிலேயே ஒன்று இருக்கிறது. 2022-ல் ராம்சர் அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கரணை சதுப்புநிலம். ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு, இன்னொரு பக்கம் துரைப்பாக்கம் ரேடியல் ரோடு, நடுவில் பறவைகள். பனிக்காலத்தில் விடிந்ததும் போனால் பூநாரைகளையும் கூழைக்கடாக்களையும் ரோட்டோரத்திலிருந்தே பார்த்துவிட்டு, ஒன்பது மணி லாகினுக்கு முன் திரும்பிவிடலாம்.