பல் தேய்க்கும்போது ரத்தமா? வலிக்கலைனு விட்டுடாதீங்க... ஈறு நோயின் ஆரம்ப அறிகுறிகள் என்னென்ன?

கோவை: காலையில் பல் தேய்த்துத் துப்பும்போது நுரையோடு லேசாக ரத்தம். "பிரஷ் குத்திருச்சு போல" என்று வாயைக் கொப்பளித்துவிட்டு மில்லுக்கோ, பனியன் கம்பெனிக்கோ கிளம்பிவிடுபவர்கள் கொங்கு மண்டலத்தில் ஏராளம். ஆனால் தினமும் ரத்தம் வந்தால், அது பெரும்பாலும் பிரஷ் செய்த வேலை இல்லை. ஈறு கொடுக்கும் முதல் எச்சரிக்கை.

சொத்தைப் பல் வலித்து நடுராத்திரியில் ஆளை எழுப்பிவிடும். ஈறு நோய் அப்படி இல்லை. சத்தமில்லாமல் வளரும். பல் ஆடுது என்று டாக்டரிடம் போகும்போது, பல்லைத் தாங்கும் எலும்பில் ஒரு பகுதி ஏற்கெனவே கரைந்திருக்கும்.

உள்ளே என்ன நடக்குது?

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் கிருமிகள் மெல்லிய படலமாகப் படிகின்றன. சரியாகத் தேய்க்காமல் விட்டால் அது இறுகிக் காரையாகிவிடும். காரையை பிரஷ்ஷால் எடுக்க முடியாது. அந்தக் கிருமிகளால் ஈறு வீங்கி, லேசாகத் தொட்டாலே ரத்தம் கசியும். இது முதல் கட்டம். இதை முழுசா சரி பண்ணிடலாம். அழற்சி எலும்பு வரை இறங்கினால் இரண்டாம் கட்டம். அதற்குப் பிறகு நோயைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் போன எலும்பு தானாகத் திரும்பி வராது.

இரண்டு ஆய்வுகள் சொல்லும் பாடம்

டென்மார்க்கில் நடந்து 1965-ல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது.

அடுத்த ஆய்வு நம்மவர்கள் பற்றியது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பல் மருத்துவ வசதியோ, பிரஷ் பழக்கமோ இல்லாத 480 தமிழ்த் தொழிலாளர்களை 1970 முதல் 1985 வரை ஆய்வாளர்கள் கவனித்தனர். ஏறக்குறைய எல்லோருக்கும் ஈறு அழற்சி இருந்தது. ஆனால் 11 சதவீதம் பேருக்கு அதைத் தாண்டி நோய் போகவில்லை. 81 சதவீதம் பேருக்கு மெதுவாக முற்றியது. 8 சதவீதம் பேருக்கு வேகமாக முற்றிப் பற்கள் விழுந்தன.

உங்க ஈறு இந்த மூன்றில் எந்த ரகம் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ரத்தம் வரும் கட்டத்திலேயே கவனிக்கணும்.

இந்த அறிகுறிகள் இருக்கா?

* பல் தேய்க்கும்போதோ, கொய்யா, கரும்பு கடிக்கும்போதோ ரத்தம்
* ஈறு சிவந்து, வீங்கிப் பளபளப்பது. நம்மில் பலருக்கு இயல்பாகவே ஈறு கருப்பாக இருக்கும். அது நோய் இல்லை
* தேய்த்த பிறகும் போகாத வாய் நாற்றம்
* ஈறு கீழிறங்கிப் பல் நீளமாகத் தெரிவது, கூச்சம்
* பல் இடுக்கில் புதுசாகச் சந்து விழுந்து சாப்பாடு மாட்டுவது
* ஈறில் சீழ், பல் ஆட்டம். இது வந்துவிட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது

சுகர் இருந்தா டபுள் கவனம்

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சர்க்கரை ஏறினால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறில் அழற்சி இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம். ஈறுக்கு சிகிச்சை எடுத்தவர்களுக்கு 3-4 மாதங்களில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.43 புள்ளி குறைந்ததாக 2022-ல் வெளியான கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் சுகர் பார்க்க வீட்டுக்கு வரும்போது, ஈறில் ரத்தம் வருவதையும் சேர்த்துச் சொல்லிடுங்க.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஒரு பெரிய சிக்கல். புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால், நோய் இருந்தும் ரத்தம் வராமல் போகலாம். "எனக்கு ரத்தமே வரலையே" என்பது அவர்களுக்கு நல்ல செய்தி இல்லை.

என்ன செய்யணும்?

ரத்தம் வருதுன்னு பல் தேய்க்கிறதை நிறுத்தாதீங்க. சாஃப்ட் பிரஷ்ஷால் ஈறின் ஓரத்தைச் சேர்த்து, காலையும் இரவும் 2 நிமிடம் மெதுவாகத் தேய்க்கணும். நைட் ஷிஃப்ட் முடித்து வருபவர்கள் படுக்கும் முன் கட்டாயம் தேய்க்கணும். செங்கல் பொடி, கரி போட்டு அழுத்தித் தேய்த்தால் பல்லும் ஈறும் தேயும்.

இரண்டு வாரத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால் பல் டாக்டரைப் பார்க்கணும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சொல்லணும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் மருத்துவப் பிரிவு உள்ளது. ஈ.எஸ்.ஐ. கார்டு இருப்பவர்கள் சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையை அணுகலாம்.

"கிளீனிங் பண்ணினா பல் ஆடும்" என்ற பயம் தேவையில்லை. பல்லை ஆட வைத்தது எலும்பு கரைந்ததுதான். அதுவரை காரை அதை மறைத்து வைத்திருக்கும். காரையை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

நாளை காலை துப்பும்போது ஒரு முறை கவனித்துப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால், சரி செய்ய இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம்.