வானத்து ஆசானின் பாடக்குறிப்பு

கற்றவர் எல்லோரும் கற்பிக்கவும் வல்லவர் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கிய பையனைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கச் சொல்கிறோம். முதுகலைப் பட்டத்தோடு தகுதித் தேர்விலும் வென்றவருக்குக் கல்லூரி வகுப்பறையின் கதவு திறக்கிறது. அறிந்திருப்பது ஒன்று, அறிந்ததைப் பிறர் உள்ளத்தில் ஏற்றுவது வேறொன்று. இவ்வுண்மையைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கும் ஒரு துறையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அது விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் துறை.

என் பெரியம்மாவின் மகன் அமெரிக்காவில் விமானம் ஓட்டக் கற்றுத் தொழில்முறை உரிமம் பெற்றவர். இப்போது பயிற்றுநர் உரிமத்திற்குத் தயாராகி வருகிறார். அண்ணன் எழுதிக் குவித்திருக்கும் பாடக்குறிப்புகளைப் பார்த்தேன். அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் பயிற்றுநர்களுக்காக வெளியிட்டுள்ள கைநூலையும் படித்தேன். அவற்றால் என் மனத்தில் எழுந்த கருத்துகளை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் பணிவோடு வைக்கிறேன்.

அங்கே பயிற்றுநர் ஆக விரும்புகிறவர் 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். தொழில்முறை உரிமம் கையில் இருக்க வேண்டும். மேகத்தினுள் வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதியும் வேண்டும். எழுத்துத் தேர்வுகள் இரண்டு. ஒன்று விமானம் பற்றியது. மற்றொன்று முழுக்க முழுக்கக் கற்பிக்கும் கலை பற்றியது. மனிதன் எப்படிக் கற்கிறான், ஏன் மறக்கிறான், அச்சம் அறிவை எப்படி மறைக்கிறது, குறையைச் சுட்டுவது எப்படி என்பனவே அதில் வினாக்கள். தார்ன்டைக்கின் கற்றல் விதிகளும், 1956இல் புளூம் வகுத்த கற்றல் நிலைகளும் அங்கே விமான ஓட்டிகளுக்குப் பாடம்!

அதன்பின் செய்முறைத் தேர்வு. தேர்வாளர் ஒரு தலைப்பைச் சொல்லி, தாமே மாணவராக எதிரே அமர்ந்துகொள்வார். அவருக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பிறகு வானில் ஏறி, வலப்பக்க இருக்கையில் அமர்ந்து ஓட்டியபடியே விளக்க வேண்டும். இடப்பக்கம் அமர்ந்து இடக்கையால் விமானத்தைத் திருப்பி வலக்கையால் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைத்துப் பழகியவருக்கு இப்போது இரண்டு கைகளும் இடம் மாறிவிடுகின்றன. அந்த நிலையில் வாயும் பேசிக்கொண்டிருக்க வேண்டும்! முன்னேற்பாடு இல்லாமல் இது யாருக்குக் கைகூடும்? ஆகவேதான் பாடக்குறிப்பு.

ஒரு பாடக்குறிப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கைநூல் சொல்கிறது: பாடத்தின் நோக்கம், உள்ளடக்கம், நேரப் பகிர்வு, தேவையான கருவிகள், பயிற்றுநர் செய்ய வேண்டியது, மாணவர் செய்ய வேண்டியது, பாடம் முடிந்தது என்பதற்கான அளவுகோல். இவ்வேழில் கடைசி இரண்டும் என்னை மிகவும் சிந்திக்க வைத்தன.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். விமானப் பயிற்சியில் ‘ஸ்டால்’ என்றொரு பாடம் உண்டு. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால், அதன் மேற்புறம் தழுவி ஓடும் காற்று பிரிந்து சிதறும், தூக்குவிசை குறையும், விமானம் தாழத் தொடங்கும். எஞ்சின் நின்றுவிட்டதாக வெளியாள் நினைப்பான். எஞ்சின் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். எந்த வேகத்திலும் இது நேரலாம். மீளும் வழி, மூக்கைத் தாழ்த்திக் கோணத்தைக் குறைப்பது. ஆனால் கீழே விழுகிறோம் என்று உணர்ந்த மனிதனின் கை மூக்கை மேலே இழுக்கத்தான் துடிக்கும். உயிரைக் காக்கும் என்று உடம்பு நம்புகிற செயலே உயிரைப் பறிக்கும் செயலாகிவிடுகிறது.

இந்தப் பாடத்திற்கு அண்ணன் எழுதிய குறிப்பில் காற்றியல் விளக்கம் ஒரு பக்கம்தான். மீதிப் பக்கங்களில் மாணவன் நிற்கிறான். முதலில் சுற்றுமுற்றும் வேறு விமானம் இல்லை என்று திரும்பிப் பார்ப்பான். ஒற்றை எஞ்சின் விமானமாயின் தரையிலிருந்து 1,500 அடிக்குக் கீழ் வராமல் மீண்டு முடிக்கும் உயரத்தில் தொடங்குவான். அறிகுறிகளை வாய்விட்டுச் சொல்வான். அடுத்து ஒரு பட்டியல், மாணவன் வழக்கமாகச் செய்யும் தவறுகள்: மூக்கைப் போதிய அளவு தாழ்த்தாமை, அளவுக்கு மீறித் தாழ்த்துதல், சரிந்த இறக்கையை அவசரமாக நிமிர்த்த முயலுதல், விசையைக் கூட்ட மறத்தல். ஒவ்வொரு தவறுக்கும் எதிரே, அதை எப்படிக் கண்டுகொள்வது, எந்தச் சொல்லால் திருத்துவது, எந்தக் கணத்தில் “கட்டுப்பாடு என்னிடம்” என்று சொல்லி வாங்கிக்கொள்வது என்று எழுதியிருக்கிறார். இத்தகைய பொதுவான தவறுகளை விளக்க வல்லவரா என்று தேர்வாளரும் சோதிக்கிறார்.

பாடக்குறிப்பு என்றால் ஆசிரியர் பேசப் போகும் பேச்சின் சுருக்கம் என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். மாணவன் எங்கே தடுக்கி விழுவான் என்பதை அவன் விழும் முன்பே எண்ணிப் பார்த்து எழுதுவதுதான் அதன் உயிர் என்று இப்போது கருதுகிறேன்.

ஆயத்தப் பாடக்குறிப்புகள் அங்கே கடையில் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றைத் தேர்வுக்குக் கொண்டுசெல்லவும் தடையில்லை. கைநூலே அதை ஏற்கிறது. ஆனால் மாணவருக்கும் சூழலுக்கும் ஏற்ப மாற்ற வேண்டியிருக்கலாம் என்றும் சொல்கிறது. வேலை நெருக்கடியில் இருப்பவர் வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. நல்ல மாதிரியைப் பார்த்து எழுதுவது கல்விக்கு இழுக்கும் ஆகாது. ஆயினும், மாணவராக நடிக்கும் தேர்வாளர் “எனக்குப் புரியவில்லை, வேறு விதமாகச் சொல்லுங்கள்” என்று ஒரு கேள்வி போட்டால், விலைக்கு வாங்கிய தாள் வாய் திறக்குமா? எழுதி அடித்து, திருத்தி எழுதியவருக்கே இரண்டாவது விளக்கமும் மூன்றாவது விளக்கமும் கைவசம் இருக்கும்.

மற்றொரு செய்தியும் உண்டு. தொழில்முறை உரிமத்திற்குப் பொதுவாக 250 மணி நேரப் பறப்பு போதும். பெரிய விமான நிறுவனங்களில் ஓட்டுவதற்கோ பொதுவாக 1,500 மணி நேரம் தேவை. இடையிலுள்ள மணிகளைச் சேர்க்க இளைஞர்கள் பலர் பயிற்றுநர் ஆகின்றனர். நேற்றுக் கற்றவர் இன்று கற்பிக்கிறார். நாளை வேறிடம் போய்விடுவார். இப்படிப்பட்ட இடத்தில் மாணவனைக் காப்பது ஆசிரியரின் அனுபவம் ஆகாது. எழுதிப் பழகிய ஒழுங்குதான் ஆக முடியும். ஆசிரியப் பணியை அடுத்த வேலைக்குப் படிக்கட்டாகக் கொள்வோர் நம் நாட்டிலும் இருக்கிறார்கள் அல்லவா?

இனி நம் வீட்டுக்கு வருவோம். அமெரிக்க விதியில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கீகாரம் பெற்ற கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ ஆசிரியராகப் பணிபுரிபவர், கற்பிக்கும் கலை பற்றிய அந்த எழுத்துத் தேர்வை எழுத வேண்டியதில்லை. கல்லூரி ஆசிரியருக்கு அது தெரிந்தே இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. இங்கோ, பள்ளி ஆசிரியராக பி.எட். படிப்பவர் பாடக்குறிப்பு எழுதி எழுதிக் கை ஓய்கிறார். கல்லூரி ஆசிரியராக அந்தப் பயிற்சி தேவையில்லை. அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதியுடையவர்கள்தாமா?

இது மேல்நாட்டார் கண்ட புதுமை என்று ஒதுக்கவும் வழியில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலேயே பாடம் சொல்லும் முறையை வகுத்துவிட்டார். காலமும் இடமும் பார்க்க வேண்டும், சொல்லப் போகும் பொருளை முன்னதாக மனத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும், விரையக் கூடாது, வெகுளக் கூடாது, கொள்பவன் எவ்வாறு கொள்வான் என்றறிந்து கொடுக்க வேண்டும் என்கிறார். அமெரிக்கக் கைநூலின் ஏழு தலைப்புகளோடு இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் அந்தப் பாயிரத்தை ஐந்து மதிப்பெண் வினாவாக்கி மனப்பாடம் செய்து முடித்துவிட்டோம்!

“விமானத்தில் தவறினால் உயிர் போகும், வரலாற்று வகுப்பில் தவறினால் என்ன போய்விடும்?” என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். வகுப்பில் யாரும் கீழே விழுவது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். நம் கல்லூரிக்கு வருகிறவர்களில் வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்பை எட்டிப் பிடித்தவர்கள் எத்தனை பேர்! வகுப்பில் புரியாததை அவர்கள் வீட்டில் யாரிடம் கேட்பார்கள்? தனிப்பாடத்திற்குப் பணம் ஏது? கரும்பலகைக்கு முன்னால் கழியும் அந்த ஒரு மணி நேரம்தான் அவர்களுக்கு உள்ள ஒரே ஓடுபாதை. அந்த ஒரு மணிக்குப் பாடக்குறிப்பு எழுதினால், ‘மாணவர் செய்ய வேண்டியது’ என்ற கட்டத்தில் நாம் எதை நிரப்புவோம்? ‘சொல்வதை எழுதிக்கொள்வது’ என்பதைத் தவிர வேறொன்று அங்கே இருக்க வேண்டாமா?

மூன்று கோப்பு நிறைய எழுதச் சொல்லவில்லை. ஒரு பாடத்திற்கு ஒரு தாள் போதும். மேலே நோக்கம், கீழே மாணவன் தடுக்கும் இடங்கள் மூன்று, அடியில், பாடம் அவனைச் சேர்ந்ததா என்று அறிய ஒரு கேள்வி. பல்லாண்டு அனுபவமுள்ள பேராசிரியர்களுக்கு இது மனத்திலேயே இருக்கலாம். புதிதாக வருகிறவர்களுக்குத் தாளில்தான் வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கருத்தரங்கில் பேச உங்களுக்கு வாய்ப்பு வரும்போது, பிறருடைய குறிப்பைப் படி எடுத்து ஒப்பிக்காதீர்கள். கடைசி இருக்கையில் இருக்கும் நண்பனுக்கு எது புரியாது என்று முந்தின இரவு யோசித்து எழுதுங்கள். நாளை நம்மில் பலர் ஆசிரியர் ஆகப் போகிறோம். தன் மாணவனைத் தனியாக வானில் ஏற்றி அனுப்புவதற்கு முன் பயிற்றுநர் அவனுடைய பதிவேட்டில் கையொப்பம் இட வேண்டும். அத்தகைய கையொப்பத்தைத் துணிந்து இடும் ஆசிரியர்களாக நாம் வளர்வோமாக!