கடலில் எங்கே நிற்பது?



வீட்டில் அட்லஸ் இருக்கிறதா? எடுத்து வாருங்கள். கூடவே ஒரு ஸ்கேலும் பென்சிலும். இந்த வாரம் நாம் ஒரு கப்பல் பயணத்துக்குத் திட்டம் போடப் போகிறோம்.

முதலில் புதுச்சேரியைக் கண்டுபிடியுங்கள். தட்டாஞ்சாவடி என்று அட்லஸில் போட்டிருக்காது. கோபப்பட வேண்டாம்! அந்தச் சின்னப் புள்ளிக்குள்ளேயே நம் தொழிற்பேட்டை, மார்க்கெட், உங்கள் பள்ளிக்கூடம் எல்லாம் அடங்கிவிட்டன. அங்கிருந்து நேர் கிழக்கே ஸ்கேலை வைத்துக் கோடு இழுங்கள். வங்காள விரிகுடாவைத் தாண்டி எங்கே போய் முட்டுகிறது? அந்தமானில், போர்ட் பிளேர் பக்கத்தில்! (2024-ல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்.) இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில்தான் இருக்கின்றன. இன்னொரு வேடிக்கை தெரியுமா? நம் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில் இருந்தாலும், அதன் கடலியல் மற்றும் கடல் உயிரியல் துறை இருப்பது இந்தக் கோட்டின் மறுமுனையில், போர்ட் பிளேரில்!

கோட்டின் நீளம் சுமார் 1,400 கிலோ மீட்டர். இது நெடுகக் கடல் நீரை அள்ளி, எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு, எவ்வளவு ஆக்சிஜன் என்று பார்த்து வர வேண்டும். கப்பல் தயார். நீங்கள்தான் தலைமை விஞ்ஞானி. எங்கெங்கே நிறுத்துவீர்கள்?

"எல்லாம் ஒரே கடல்தானே சார், எங்கே அள்ளினாலும் உப்புத்தானே கரிக்கும்?" என்று ஒரு வாண்டு கேட்பது காதில் விழுகிறது. கரிக்கும்தான். ஆனால், ஒரே மாதிரி கரிக்காது. உலகக் கடல்களில் ஒரு கிலோ நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு இருக்கிறது. அரபிக் கடலில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். நம் வங்காள விரிகுடாவில் கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்று பெரிய பெரிய ஆறுகள் வந்து கொட்டுவதால் உப்பு குறைவு. வடகோடியில் மழைக்காலத்தில் 30 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும்.

இந்த ஐந்து கிராம் வித்தியாசத்தில் என்ன வந்துவிடப் போகிறது? புயல் வந்துவிடுகிறது! உப்பு குறைந்த நீர் எடை குறைந்தது. எனவே அது கடலின் மேலே ஒரு மூடி போலப் படர்ந்து நிற்கும். சாதாரணமாக, புயல் கடலைக் கடையும்போது அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வரும். சூடு குறைந்தால் புயலும் சற்றுத் தளரும். ஆனால் இந்த மூடி இருக்கும் இடத்தில், குளிர்ந்த நீர் எளிதில் மேலே வராது. புயலுக்குச் சூடு கிடைத்துக்கொண்டே இருக்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம் ஊரைப் புரட்டிப் போட்ட கதையை அம்மா, அப்பாவிடம் கேளுங்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது உங்களுக்கே நினைவிருக்கும். செயற்கைக்கோளால் கடலின் மேற்பரப்பு எவ்வளவு சூடு என்று சொல்ல முடியும். மூடிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதைக் கடலுக்குள் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். பயந்துவிடாதீர்கள், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

ஆய்வுக் கப்பல் மணிக்கு 20 கிலோ மீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம். எங்கும் நிற்காமல் போனால் 1,400 கிலோ மீட்டருக்கு 70 மணி நேரம். 55 கிலோ மீட்டருக்கு ஓரிடம் நிறுத்தினால் சுமார் 25 நிறுத்தங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கருவியைக் கம்பிவடத்தில் கட்டிக் கடலின் அடி வரை இறக்க வேண்டும். விரிகுடாவின் நடுவில் ஆழம் 3,000 மீட்டரைத் தாண்டும். நிமிடத்துக்கு 60 மீட்டர் வீதம் இறக்கினால், போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வழியில் நிறுத்தி நிறுத்தி நீர் பிடிக்க வேண்டும். ஆக, ஓரிடத்துக்கு 3 மணி நேரம். 25 இடத்துக்கு 75 மணி நேரம். மொத்தம் 145 மணி நேரம், அதாவது ஆறு நாள். ஆறு நாளும் இரவு, பகல் பார்க்காமல் வேலை நடக்கும். நள்ளிரவு இரண்டு மணிக்கு நிறுத்தம் வந்தால், இரண்டு மணிக்கு எழுந்துதான் ஆக வேண்டும்!

அலை பெரிதாக எழுந்தால் கருவியை இறக்க முடியாது. அதற்கும் ஓரிரு நாள் கையிருப்பு வைக்க வேண்டும். அதை மறந்துவிட்டுத் திட்டம் போட்டவர் பாதிக் கோட்டிலேயே திரும்பி வர வேண்டியதுதான். கப்பலின் ஒரு நாள் செலவு பல லட்சம் ரூபாய். "ரப்பர் எடுத்துட்டு வர மறந்துட்டேன் டீச்சர்" கதையெல்லாம் அங்கே நடக்காது.

இந்த 25 இடங்களையும் சம தூரத்தில் வைப்பது நல்ல திட்டமா? இல்லை. கரைக்குப் பக்கத்தில் நெருக்கமாக வைக்க வேண்டும். நம் கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் தடாலென ஆழமாகிவிடுகிறது. அந்தச் சரிவை ஒட்டி ஒரு நீரோட்டம் ஓடுகிறது. அது வருடம் முழுக்க ஒரே பக்கம் ஓடுவதில்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வடக்கு நோக்கி ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் திரும்பிக்கொண்டு, ஆற்று நீர் கலந்த நீரைத் தெற்கே நம் பக்கம் இழுத்து வரும். எனவே எங்கே நிற்பது என்பதோடு, எப்போது போவது என்பதும் பெரிய கேள்வி.

கேள்வி மாறினால் திட்டமும் தலைகீழாக மாறிவிடும். 2016 ஜூன் மாதம் சென்னையிலிருந்து 'சிந்து சாதனா' என்ற ஆய்வுக் கப்பல் புறப்பட்டது. மழை வருவதற்கு முன்பு கடலில் என்ன நடக்கிறது என்பதுதான் அவர்களின் கேள்வி. அதனால் அந்தக் கப்பல் இலங்கைக்குக் கிழக்கே நடுக்கடலில் ஒரே இடத்தில் ஏறக்குறைய பத்து நாள் நின்று, திரும்பத் திரும்ப அதே நீரை அளந்தது! இந்தியாவும் இங்கிலாந்தும் சேர்ந்து செய்த ஆய்வு அது. பத்து நாள் ஒரே இடத்தில் என்றால் உங்களுக்குக் கொட்டாவி வரலாம். மேகமும் கடலும் மணிக்கு மணி எப்படி மாறுகின்றன என்று அறிய அதுதான் வழி.

இன்னொரு சங்கதி. கப்பலில் எல்லோரும் ஒரே ஆய்வுக்கு வருவதில்லை. ஒருவருக்கு உப்பு வேண்டும். ஒருவருக்கு மிதவை உயிர்கள் வேண்டும். ஒருவருக்கு அடி மண் வேண்டும். எல்லோருக்கும் நேரம் கேட்டால் ஆறு நாள் பன்னிரண்டு நாளாகிவிடும். கிளம்புவதற்குப் பல மாதம் முன்பே உட்கார்ந்து, சண்டை போட்டு, சமாதானமாகி, மணிக்கணக்கைப் பிரித்துக்கொள்கிறார்கள். வேறு நாட்டுக் கடலுக்குள் போவதாக இருந்தால் அந்த நாட்டிடம் ஆறு மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும் என்பது உலகச் சட்டம்.

நீர் பிடிக்கும் விதத்தைச் சொல்லவே இல்லையே! ஒரு வட்டச் சட்டத்தைச் சுற்றிலும் நீளநீளமான பாட்டில்கள், பெரும்பாலும் 24, நிற்க வைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் வாய் திறந்த பாட்டில்கள் இவை. கீழே போகும்போது நீர் உள்ளே புகுந்து வெளியே போய்க்கொண்டிருக்கும். மேலே வரும்போது, வேண்டிய ஆழத்தில் கப்பலிலிருந்து ஒரு சமிக்ஞை. 'டப்'பென்று ஒரு பாட்டில் மூடிக்கொள்ளும். நடுவில் சி.டி.டி. என்ற கருவி இருக்கும். சூடு, ஆழம், நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது ஆகியவற்றை அது வழி முழுக்க அளந்துகொண்டே வரும். உப்பு கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும்; அதை வைத்து உப்பைக் கணக்கிடுகிறார்கள். மேலே 29 டிகிரி சூடு. 3,000 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 2 டிகிரிதான். ஃபிரிட்ஜை விடக் குளிர்ச்சி! தெர்மோகோல் கப் ஒன்றைப் பையில் போட்டுக் கருவியோடு கட்டி இறக்கினால், அழுத்தத்தில் நசுங்கி, விரல் நுனி அளவு குட்டிக் கப்பாகத் திரும்பி வரும். பெரிய விஞ்ஞானிகளும் இந்த விளையாட்டை விடுவதில்லை.

கருவி மேலே வந்ததும் எல்லோரும் பாட்டிலைச் சுற்றி மொய்த்துவிடுவார்கள். ஆனால் வரிசை உண்டு. ஆக்சிஜன் பார்ப்பவர் முதலில், உப்பு பார்ப்பவர் கடைசியில். ஏன்? பாட்டிலைத் திறந்ததுமே காற்று உள்ளே போய் ஆக்சிஜன் அளவைக் கெடுத்துவிடும். உப்பு எங்கும் ஓடிவிடாது, காத்திருக்கலாம். நீர் பிடிக்கும் குப்பியை அதே நீரால் மூன்று முறை அலச வேண்டும். முந்தைய இடத்து நீரின் ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலும் கணக்கு தப்பாகிவிடும். ஒரு பாட்டில் சரியாக மூடவில்லையா? ஏட்டில் 'மூடவில்லை' என்றுதான் எழுத வேண்டும். மேலே 34, கீழே 35, நடுவில் 34.5 இருக்கும் என்று எழுதிவிட்டால் யாருக்கும் தெரியாதுதான். ஆனால் முப்பது வருடம் கழித்து இன்னொருவர் அதே இடத்தில் அளந்து, "அடடா, கடல் மாறிவிட்டதே!" என்று திகைப்பார். மாறியது கடலா, நம் பொய்யா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இதைச் சும்மா சொல்லவில்லை. பழைய ஏடுகளை இன்றும் புரட்டுகிறார்கள். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சேலஞ்சர்' கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை டிட்மர் என்ற வேதியியலாளர் ஆராய்ந்தார். எந்தக் கடலாக இருந்தாலும், உப்பில் உள்ள பொருட்கள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருப்பதை அவர் உறுதிப்படுத்தினார். 1960-களில் பல நாடுகள் சேர்ந்து இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தபோது, நம் கடற்படையின் 'கிஸ்த்னா' கப்பலும் போனது. அந்த ஆய்வின் தொடர்ச்சியாகத்தான் 1966-ல் தேசியக் கடலியல் நிறுவனம் பிறந்தது, கோவாவில் இருக்கிறது. ஐம்பது வருடம் கழித்து, 2015 டிசம்பரில், இரண்டாவது பேராய்வுக்காக 'சாகர் நிதி' கோவாவிலிருந்து மொரீஷியசுக்குக் கிளம்பியது. இதெல்லாம் நடுக்கடல் கதை. நம் கரையோரத்து நீரைச் சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் பருவத்துக்குப் பருவம் எடுத்துச் சோதிக்கிறது. புதுச்சேரியும் அந்தப் பட்டியலில் உண்டு. இந்த அளவுகள் எல்லாம் ஆங்கில அறிக்கைகளுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்காமல், கரையில் வலை உலர்த்தும் அண்ணன்களுக்கும் உங்களுக்கும் புரிகிற தமிழில் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நீங்களே கடலில் இறங்கி நீர் அள்ளப் போகிறோம் என்று கிளம்பிவிடாதீர்கள். நம் கடற்கரையில் அலை பொல்லாதது. வேறு ஒரு வேலை தருகிறேன். வீட்டில் ஆர்.ஓ. மெஷினைச் சரிபார்க்க வருகிற அண்ணன், பேனா மாதிரி ஒரு மீட்டர் வைத்திருப்பார். அதை நீரில் விட்டால் ஓர் எண் காட்டும். அதுவும் நீரில் மின்சாரம் பாய்வதை வைத்துத்தான் உப்பைச் சொல்கிறது. சி.டி.டி.க்குச் சின்னத் தம்பி! அந்த மீட்டர் வாங்கித் தரும்படி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள். விலை அதிகமில்லை. பத்துப் பேர், பத்துத் தெரு, பத்து போர் தண்ணீர். யார், எந்தக் குழாய், எந்தக் கிழமை, எத்தனை மணி என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். குப்பியை மூன்று முறை அலசுங்கள். முந்தின நாள் மழை பெய்ததா என்றும் குறியுங்கள். கரையிலிருந்து தட்டாஞ்சாவடி வரை எந்தத் தெருவில் உப்பு ஏறுகிறது, ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கே இறங்குகிறது என்று ஒரு வருடத்தில் தெரிந்துவிடும். காய்ச்சல் வந்து ஒரு வாரம் அளக்க முடியாமல் போனால், அந்தக் கட்டத்தில் 'அளக்கவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வாரம் தொடருங்கள். ஏட்டை எங்களுக்கும் அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்