குடித்த தண்ணீருக்குக் கணக்கு

சென்ற வைகாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் மண்டபம். இப்போதெல்லாம் பந்தியில் இலைக்கு இலை பாட்டில் தண்ணீர் வைத்துவிடுகிறார்கள். இந்தக் கல்யாணக்காரர் கொஞ்சம் பழைய மனுஷர். சிறுவாணித் தண்ணீரைப் பிடித்துப் பாத்திரத்தில் நிரப்பி, டம்ளரில் ஊற்றினார். என் பக்கத்து இலைக்காரர் எனக்குத் தூரத்து மாமா முறை. நூல் மில் வைத்திருக்கிறார். இலையில் விழுந்த பதினெட்டு வகைப் பண்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவர், டம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்ததும், "என்னதான் சொல்லுங்க மாப்பிள்ளை, நம்ம சிறுவாணித் தண்ணிக்கு ஈடு எங்கியுமில்லீங்க" என்றார்.

நானும் ஆமோதித்தேன். கோயமுத்தூர்க்காரன் ஆட்சேபிக்காத ஒரே அபிப்பிராயம் அதுதானே!

பாயசம் வருவதற்குள் பேச்சு அரசியலுக்குத் தாவி, அங்கிருந்து காட்டுக்கு வந்துவிட்டது. "புலிக்கும் யானைக்கும் கோடி கோடியாக் கொட்டறாங்களாமா. அந்தப் பணத்துல இந்தப் பக்கம் நாலு பாலம் கட்டியிருக்கலாமுங்க. புலியா வந்து ஓட்டுப் போடுது?" என்றார் மாமா. பந்தியில் சிரிப்பு. அவர் கையில் டம்ளர் அப்படியே இருந்தது.

அந்த டம்ளரிலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும்.

சிறுவாணி நமது மலை அல்ல. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து முத்திக்குளம் காட்டில் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்திலேயே மலையைக் குடைந்து அந்தத் தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டு வந்தார்கள். 1973-இல் இரு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டு, 1984-இல் இப்போதுள்ள அணை முடிந்தது. அணையைப் பராமரிக்கத் தமிழ்நாடு கேரளத்துக்குப் பணம் கொடுக்கிறது. சிமெண்டுக்குக் கூலி உண்டு என்று அர்த்தம். ஆனால் ஆனி ஆடி மழையைத் தன் மடியில் பிடித்து வைத்துக்கொண்டு, மாசியிலும் பங்குனியிலும் சொட்டுச் சொட்டாக இறக்கிவிடுகிறதே சோலைக்காடு, அதற்கு என்ன கூலி? உங்கள் வீட்டுத் தண்ணீர் வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். குழாய்க்கும் மோட்டாருக்கும் ஆபீசுக்கும் பங்கு போகிறது. காட்டுக்கென்று ஒரு காசு இல்லை.

சிறுவாணியோடு விட்டதா? பவானிசாகர் அணை 1955-இல் வந்தது. அதன் கீழ்பவானி வாய்க்காலில் பாயும் நிலம் 2,07,000 ஏக்கர். பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது; பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், காங்கேயம் பக்கமெல்லாம் ஏறக்குறைய 4 லட்சம் ஏக்கர் அதனால் நனைகிறது. இந்தத் தண்ணீரெல்லாம் எங்கிருந்து இறங்குகிறது? நீலகிரியிலிருந்தும் ஆனைமலையிலிருந்தும். அந்த மலைகளில்தான் நம் சண்டைக்குக் காரணமான முதுமலையும், சத்தியமங்கலமும், இந்திரா காந்தி பெயரிட்ட தேசியப் பூங்காவும், பரம்பிக்குளமும் இருக்கின்றன. புலிக்காகப் பாதுகாத்த இடம் என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். ‘கொங்கு நாட்டின் தண்ணீர்த் தொட்டி' என்று எழுதியிருந்தால் மாமா சிரித்திருக்க மாட்டார்.

இந்த ஊருக்குத் தெரியாத விஷயமா இது என்றுதான் எனக்கு ஆத்திரம். காடு வளர்ப்பதைச் சொல்லிக் கொடுக்க 1912-இலேயே கல்லூரி வைத்த ஊர் கோயமுத்தூர். 1902-இல் துவங்கிய காஸ் மியூசியம் இங்கே இருக்கிறது. யானையின் எலும்புக்கூட்டைப் பார்க்கக் குழந்தைகளைக் கூட்டிப் போகிறோம். உயிருள்ள யானைக்குச் செலவு என்றால் மட்டும் நமக்குக் கணக்கு வழக்கு ஞாபகம் வருகிறது.

டாப்சிலிப்புக்குப் போனவர்கள் ஹ்யூகோ வுட் என்ற வெள்ளைக்காரரின் சமாதியைப் பார்த்திருப்பீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் துறைக்கும், பிறகு ரயில் பாதைக் கட்டைகளுக்கும் அந்த மலைத் தேக்கை மொட்டையடித்தார்கள். உச்சியிலிருந்து மரத்தைச் சரிவில் வழுக்கிவிட்ட இடம் என்பதால்தான் அந்தப் பெயரே. வுட் வந்து, மரத்தைத் தரையோடு ஒட்டி வெட்டச் செய்து, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்க விட்டார். கைத்தடியால் மண்ணில் குழி போட்டுத் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று இன்றும் கதை சொல்கிறார்கள். 1933-இல் மறைந்தவரை அவர் வளர்த்த தேக்குகளின் நடுவிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். அவரோடு நடந்து, விதை பொறுக்கி, யானையைக் கட்டி மேய்த்த காடர்களுக்கும் மலசர்களுக்கும் ஒரு கல்லும் இல்லை. இருக்கட்டும். லாபத்துக்காகவே நாட்டை ஆண்ட சர்க்கார்கூட, காட்டில் எடுத்தால் காட்டுக்குத் திருப்பிப் போட வேண்டும் என்று ஒரு கட்டத்தில் புரிந்துகொண்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இப்போது பணத் தகராறு. 1973-இல் புலித் திட்டம் துவங்கிய நாளிலிருந்து டில்லிக்கும் மாநிலங்களுக்கும் இதில் இழுபறிதான். ஒருமுறை செய்யும் செலவில் 100-க்கு 60 டில்லி, 40 மாநிலம். ஆண்டுதோறும் தொடரும் செலவில் பாதிக்குப் பாதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. டில்லிப் பங்கு வராததால் மாநிலம் நிறுத்துகிறது. மாநிலம் கணக்குக் கொடுக்காததால் டில்லி நிறுத்துகிறது. இரண்டு பக்கமும் அறிக்கை விடுகிறார்கள். அறிக்கைக்கு மட்டும் நிதிப் பற்றாக்குறை வந்ததே இல்லை. 2023-24-இல் புலித் திட்டத்தையும் யானைத் திட்டத்தையும் ஒரே தலைப்பில் சேர்த்துவிட்டார்கள். புலியும் யானையும் ஒரே தட்டில் சாப்பிட வேண்டுமாம்!

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. கூடலூர்க் காட்டு வழக்கு என்று 1995-இல் கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாரே, அதன் வழியாகப் பிறந்த ஒரு ஏற்பாடு. சுரங்கத்துக்கோ ரோட்டுக்கோ காட்டை அழிப்பவர், அழித்த காட்டுக்கு விலை கட்ட வேண்டும். அந்தப் பணம் பல ஆண்டுகள் சேர்ந்து, 2016-இல் அதற்கென்று சட்டம் வந்து, 2019-இல் 47,000 கோடி ரூபாய்க்கு மேல் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் இதன் பொருளை யோசித்தீர்களா? காடு செத்தால் அதற்கு விலை உண்டு. உயிரோடு நின்று தண்ணீர் கொடுத்தால் விலை இல்லை. பால் கறக்கும் வரை மாட்டுக்குத் தீனி போடாமல், செத்த பிறகு தோலுக்கு விலை பேசும் பண்ணையம் எங்கேயாவது உண்டா?

பணம் போகவேண்டிய இடத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு நாவலுக்காக மலை மேலே ஒரு காட்டு முகாமில் சில நாட்கள் தங்கினேன். எந்த முகாம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே உள்ளவர்களுக்கு இடைஞ்சல் வரக்கூடாது. வேட்டைத் தடுப்புக் காவலர்கள் நான்கு பேர், மலைவாசிப் பிள்ளைகள். கையில் தடி, டார்ச் லைட். ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடப்பார்கள் என்று அவர்களே எண்ணியதில்லை. அதில் மூத்தவர் பல வருஷ சர்வீஸ், இன்னும் தொகுப்பூதியம்தான். அந்த மாதத்துச் சம்பளமும் வரவில்லை. "வருமுங்க, எப்படியும் அடுத்த மாசத்துக்குள்ள வந்துரும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்! மழைக்கோட்டு கிழிந்து, உரச்சாக்கை மடித்துத் தலையில் போட்டிருந்தார். அந்தச் சாக்கின் மேல் விழுந்து வழிந்த மழைதான் கீழே வந்து மாமாவின் டம்ளரில் இனிக்கிறது.

அமெரிக்காவைப் பார் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. 1872-இல் யெல்லோஸ்டோன் என்று உலகுக்கே வழிகாட்டிய தேசம் அது. அங்கேயும் 2018 டிசம்பரில் கட்சிச் சண்டையில் சர்க்கார் கஜானா பூட்டப்பட்டு, 35 நாள் பல பூங்காக்கள் காவலுக்குப் போதிய ஆளில்லாமல் திறந்து கிடந்தன. குப்பை மலையாகக் குவிந்தது. ஜோஷுவா ட்ரீ பூங்காவில் அந்தப் பெயருக்குக் காரணமான மரங்களையே சேதப்படுத்தினார்கள். ஆனால் அதே தேசம் 2020-இல், பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெய், வாயு முதலியவற்றின் வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 190 கோடி டாலர் வரை, ஐந்து வருஷத்துக்கு, பூங்காக்கள் முதலான பொது நிலங்களின் பழுது பார்க்க ஒதுக்கிச் சட்டம் செய்தது. இரு கட்சிக்காரர்களும் ஓட்டுப் போட்டார்கள். வருமானத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டால் வருஷா வருஷம் கையேந்த வேண்டாம் பாருங்கள்.

இதுவரை நான் எழுதியதைப் படித்து நகரத்து இயற்கை அன்பர்கள் கைதட்டியிருப்பார்கள். அவர்களோடும் எனக்குத் தகராறு இருக்கிறது.

என் பெரியப்பா தொண்டாமுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் நேந்திரன் வாழை வைத்திருந்தார். தார் வெட்டப் பத்து நாள் இருக்கும்போது ஒரு ராத்திரி யானைகள் வந்தன. விடிந்து பார்த்தால் தோட்டத்தில் ரோலர் ஓட்டினாற்போல இருந்தது. நஷ்ட ஈட்டுக்கு மனு, போட்டோ, சிட்டா, இந்த ஆபீசில் ஒரு கையெழுத்து, அந்த ஆபீசில் ஒரு கையெழுத்து. ஒரு குமாஸ்தா, "யானைதான் மிதிச்சுதுன்னு என்னுங்க அத்தாட்சி?" என்றாராம். பதினோரு மாதம் கழித்து வந்த தொகை, அவர் ஆபீசுக்கு அலைந்த பஸ் செலவையும் வாங்கிய கன்றுகளின் விலையையும் சரிக்கட்டியது. அவ்வளவுதான். "யானை மேல எனக்குக் கோபமில்லப்பா, அது வாயில்லா சீவன்" என்றார் பெரியப்பா. மீதியை அவர் சொல்லவில்லை. சனி ஞாயிறு காரில் மலைக்குப் போய் யானையைப் படம் பிடித்து வரும் அன்பர்கள் அந்த மீதியை யோசித்துப் பார்க்கலாம்.

2022-இல் திம்பம் மலைப்பாதையில் ராத்திரிப் போக்குவரத்தை நிறுத்தச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவிட்டது. தாளவாடி மக்கள் கடையடைத்தார்கள். காய்கறி லாரி நின்றால் அழுகும். பிரசவ வலி மாலை ஆறு மணியைக் கேட்டு வராது. பிறகு சில விலக்குகள் கிடைத்தன. இரவில் அந்த ரோட்டில் அடிபட்டுச் செத்த மிருகங்களையும் நான் மறக்கவில்லை, தடை நியாயமே. ஆனால் தடையின் செலவு முழுவதும் தாளவாடியின் தலையில் விழுந்தது. பர்கூரில் இதே சங்கதி. அந்த மலையில் செம்மை நிறத்தில் வெள்ளைத் திட்டோடு ஒரு மாட்டு ஜாதி உண்டு. காட்டில் பட்டி போட்டு மேய்த்தே வளர்த்த இனம். அந்தியூர் மலைகளில் 80,567 ஹெக்டேரைத் தந்தை பெரியார் சரணாலயம் என்று சர்க்கார் அறிவித்ததும், சரணாலயத்துக்குள் மேய்ச்சல் கூடாது என்ற ஹைகோர்ட் உத்தரவு ஏற்கெனவே இருக்கிறதே, எங்கள் பட்டி என்னாவது என்று அவர்கள் எதிர்த்தார்கள். அவர்களைக் ‘காட்டின் விரோதி' என்று ஏசியவர்களை நான் படித்தேன். நூறு தலைமுறையாகக் காட்டோடு இருந்தவன் விரோதி. அந்தக் காட்டுத் தண்ணீரில் கார் கழுவுகிறவன் சிநேகிதனா?

என் யோசனை சின்னது. அணைத் தண்ணீரைக் குடிக்கும் ஒவ்வொரு மாநகராட்சியும், நகராட்சியும், அதைக் கொண்டு நடக்கும் ஒவ்வொரு மில்லும் சாயப்பட்டறையும், தண்ணீர் ரசீதில் காட்டுக்கென்று ஒரு பங்கு கட்ட வேண்டும். விவசாயியை விட்டுவிடுங்கள், அடிவாரத்து விவசாயி ஏற்கெனவே வாழையாகக் கட்டிவிட்டான். அந்தப் பணம் பொதுக் கஜானாவில் கலக்கக் கூடாது. புலிக் காப்பகங்களின் நுழைவுக் கட்டணம் காப்பகத்திலேயே தங்க, 2006-இல் திருத்திய சட்டப்படி அறக்கட்டளை வைத்திருக்கிறார்களே, அதுபோலத் தனிக் கணக்கு. முதல் செலவு காவலர் சம்பளம். இரண்டாவது, பயிர்ச் சேதத்துக்கு முப்பது நாளில் பணம். மூன்றாவது, மலைவாசிகளும் பட்டிக்காரர்களும் உட்கார்ந்து பேசும் சபையின் சம்மதத்தோடு மற்றவை. டில்லியும் சென்னையும் கொடுப்பதைக் கொடுக்கட்டும். ஆனால் அவர்கள் சண்டை போடும் மாதத்தில் மலை மேல் உலை கொதிக்க வேண்டும்.

"வரி மேல் வரியா!" என்று கேட்பார்கள். கடனைத் திருப்பிக் கொடுப்பதை வரி என்று சொல்லும் வழக்கம் நம் கொங்கு நாட்டில் கிடையாது.

கை கழுவும் இடத்தில் இதையெல்லாம் மாமாவிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். வியாபாரி அல்லவா, ஓட்டையை உடனே கண்டுபிடித்துவிட்டார். "ஏனுங்க மாப்பிள்ளை, குடுக்கறது சரிங்க. அந்தக் காசு ஒழுங்காக் காட்டுக்குத்தான் போகுமின்னு என்னுங்க உத்தரவாதம்?"

"ஆடிட்டர் போடச் சொல்வோம் மாமா. உங்கள் மில் கணக்கைப் பார்க்கிறாரே, அவரையே போட்டால் போச்சு."

மாமா குழாயை மூடினார். "ஐயோ, அவரு வேண்டாமுங்க" என்று அவசரமாகச் சொல்லிவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.